ஜாம்பி எறும்புப் பூஞ்சையின் பெயருக்குப் பின்னால் இருக்கும் தாமஸ் பெட்ச் யார்? இலங்கைத் தேயிலை மலையிலிருந்து ஹெப்பால் வரை ஒரு கதை

பெங்களூரு விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஹெப்பால் டிராஃபிக்கில் நீங்கள் ஒருமுறையாவது மாட்டியிருப்பீர்கள். அந்தப் பெல்லாரி சாலையில்தான் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இருக்கிறது. பூச்சிகளைப் பற்றி மட்டுமல்ல, பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சைகளைப் பற்றியும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது.

பூச்சியைக் கொல்லும் பூஞ்சை என்றதும் பலருக்கு 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' நினைவுக்கு வரும். 2013இல் வீடியோ கேமாக வந்து, 2023இல் வெப் சீரிஸ் ஆன கதை. மனிதர்களை ஜாம்பி ஆக்கும் 'கார்டிசெப்ஸ்' என்ற பூஞ்சைதான் அதில் வில்லன். அந்தக் கற்பனைக்குத் தூண்டுகோலாக இருந்த நிஜப் பூஞ்சை எறும்புகளைத் தாக்கும். அதன் அறிவியல் பெயர் ஒஃபியோகார்டிசெப்ஸ் யூனிலேட்டராலிஸ். (பயப்பட வேண்டாம், அது மனிதர்களுக்குத் தொற்றுவதில்லை.)

ஒரு பூஞ்சையின் பெயரை ஆய்வுக் கட்டுரைகளில் முழுமையாக எழுதும்போது, கடைசியில் சில மனிதர்களின் பெயரும் வரும். அடைப்புக்குறிக்குள் இருப்பவர் அதை முதலில் விவரித்தவர். வெளியே இருப்பவர் அதைச் சரியான பேரினத்துக்கு மாற்றியவர். ஜாம்பி எறும்புப் பூஞ்சையைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பவர்கள் துலான் சகோதரர்கள் என்ற பிரெஞ்சுக்காரர்கள். வெளியே இருப்பது 'பெட்ச்'.

யார் இந்த பெட்ச்? தேயிலை, ரப்பர் ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். மற்றவர்களுக்கு? அவர் தன் வாழ்நாளின் முக்கியமான ஆண்டுகளைக் கழித்தது கண்டிக்குப் பக்கத்தில், பேராதனையில். நம்மூரிலிருந்து போன தமிழர்கள் உழைத்துக்கொண்டிருந்த அதே மலைநாட்டில்.

35 வயதில் வேலை மாறிய ஆசிரியர்

தாமஸ் பெட்ச் 1870இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஹார்ன்சீ என்ற கடலோர ஊரில் பிறந்தார். லண்டன் பல்கலைக்கழகப் பட்டங்கள் பெற்று, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் இயற்கை வரலாறு.

1905இல் அவர் வாழ்க்கை திரும்பியது. இலங்கை அரசின் பூஞ்சையியலாளர் பதவி கிடைத்தது. 35 வயதில் கப்பல் ஏறி, பேராதனை அரச தாவரவியல் பூங்காவில் போய்ச் சேர்ந்தார்.

ஒரு காலனி அரசு எதற்காகப் பூஞ்சைக்கென்று தனியாக ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டும்? காரணம் பணம். 1869இல் இலங்கைக் காபித் தோட்டங்களில் இலைத் துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் ஒரு பூஞ்சைதான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தீவின் காபிப் பொருளாதாரமே சரிந்தது. காபி இருந்த இடத்தில் தேயிலை வந்தது, பிறகு ரப்பரும் வந்தது. முதலாளிகள் நஷ்டக் கணக்கு பார்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போயிருந்த தொழிலாளர்களுக்கு அது கூலியும் சாப்பாடும் சம்பந்தப்பட்ட விஷயம். இன்னொரு பூஞ்சை வந்து தேயிலையையும் சாய்த்துவிடக் கூடாது என்பதுதான் பெட்சின் வேலைக்கான அடிப்படை.

அந்த வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். ரப்பர் மரத்தின் நோய்கள் பற்றி 1911இலும் 1921இலும் புத்தகங்கள் எழுதினார். தேயிலைச் செடியின் நோய்கள் பற்றிய புத்தகம் 1923இல் வந்தது. 1925இல் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநரும் அவர்தான். இன்று தலவாக்கலையில் இருக்கிறதே, அதே நிறுவனம்.

ஆனால் அவர் மனசு இன்னொரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. பேராதனைக்கு வந்த அடுத்த ஆண்டே, 1906இல், கறையான் புற்றுக்குள் வளரும் பூஞ்சைகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். மழை பெய்ததும் நம் கிராமங்களில் தேடிப் பறிப்பார்களே, அந்தப் புற்றுக் காளான் சமாச்சாரம்தான். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உள்ள உறவு அவரை அன்றே பிடித்துக்கொண்டது. கடைசி வரை விடவில்லை.

ஒரே ஆள் இரண்டு வரிசையில், இரண்டு ஆள் ஒரே வரிசையில்

டேட்டா வேலை செய்யும் எங்களுக்கு இரண்டு வகைப் பிழை ரொம்பப் பழக்கம். ஒன்று, ஒரே ஆளின் பெயர் எக்ஸெல் ஷீட்டில் இரண்டு வரிசைகளில் வந்துவிடும். முருகன், முருகேசன் என்று எழுத்து மாறியிருக்கும், ஆள் ஒருவர்தான். இன்னொன்று இதற்கு நேர் எதிர். இரண்டு வேறு முருகன்கள் ஒரே வரிசையில் சேர்ந்துபோயிருப்பார்கள்.

முதல் பிழையைக் கொஞ்சம் மெனக்கெட்டால் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது பிழை கண்ணிலேயே படாது. ஏனென்றால் பட்டியல் பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

பெட்ச் இலங்கைக்கு வந்தபோது அங்கே பூஞ்சைகளுக்கு ஏற்கனவே ஒரு பட்டியல் இருந்தது. பேராதனைப் பூங்காவின் முன்னாள் இயக்குநர் துவைட்ஸ், காய்ந்த மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி, புரூம் என்ற இருவர் 1870களில் அவற்றுக்குப் பெயர் வைத்துப் பட்டியல் போட்டார்கள். அவர்கள் இருவரும் இலங்கைக் காட்டில் அந்தப் பூஞ்சைகளைப் பச்சையாகப் பார்த்தவர்கள் இல்லை.

காளானைக் காயவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நிறம் போய்விடும், வடிவம் சுருங்கிவிடும். வேறு வேறு காளான்கள் ஒன்றுபோல ஆகிவிடும். ஒரே காளானின் இளசும் முற்றலும் இரண்டு வகைபோலத் தெரியும். பெட்ச் அதே மாதிரிகளை எடுத்து, காட்டில் புதிதாகக் கிடைப்பதோடு ஒப்பிட ஆரம்பித்தார். இலங்கைப் பூஞ்சைகளின் திருத்தங்கள் என்ற வரிசையில் அவர் எழுதிய கட்டுரைகள் இந்தத் தணிக்கை வேலைதான். இரண்டு பெயர் பெற்றிருந்த ஒரே பூஞ்சையை ஒன்றாக்கினார். ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்த வேறு வேறு பூஞ்சைகளைப் பிரித்தார். பெரியவர்கள் வைத்த பெயர் என்பதற்காக எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

இலைக்கு அடியில் ஒட்டிய ஆரஞ்சுப் புள்ளிகள்

பூச்சிப் பூஞ்சைகளில் அவர் செய்த வேலைக்கு ஓர் உதாரணம் பார்ப்போம். மழைக்காலத்தில் இலையைத் திருப்பிப் பார்த்தால், சில நேரம் ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்ன மெத்தைபோன்ற புள்ளிகள் இருக்கும். இலைக்கு வந்த நோய் என்றே நினைப்போம். உண்மையில் அந்தப் பூஞ்சை இலையைத் தின்பதில்லை. அங்கே ஒட்டி உட்கார்ந்து சாறு உறிஞ்சிக்கொண்டிருந்த செதில் பூச்சியையோ வெள்ளை ஈயின் குஞ்சையோ கொன்று, அதன் மேல் வளர்ந்து நிற்கிறது. பூச்சியே தெரியாத அளவுக்கு மூடிவிடும். அதனால் தாவர நோய் என்றே இவற்றைப் பலர் குழப்பிக்கொண்டார்கள்.

ஹைப்போகிரெல்லா, ஆஷெர்சோனியா என்ற இந்தப் பேரினங்களைப் பற்றி பெட்ச் 1921இல் நூறு பக்கத்துக்கு மேல் நீளும் ஆய்வு ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் கேட்ட முக்கியமான கேள்வி: அடியில் இருக்கும் பூச்சி எது? வெள்ளை ஈயில் வளர்பவை ஒரு பக்கம், செதில் பூச்சியில் வளர்பவை இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தார். அப்படிப் பிரித்ததும், மேலோட்டமாக ஒன்றுபோல இருந்தவற்றுக்குள் நுண்ணோக்கியில் வேறுபாடுகள் துலங்கின.

இன்று டேட்டா மொழியில் சொன்னால், அவர் அட்டவணையில் ஒரு புதிய நெடுவரிசையைச் சேர்த்தார். எந்தப் பூச்சியில் கிடைத்தது என்ற நெடுவரிசை. அவ்ளோதான். ஆனால் அது இல்லாமல் அடுத்த கதை நடந்திருக்காது.

கரப்பானில் தொடங்கிய பெயர்

1920களின் இறுதியில் பெட்ச் இங்கிலாந்து திரும்பினார். நார்ஃபோக் பகுதியில், கிங்ஸ் லின் நகரத்துக்குப் பக்கத்தில் நார்த் வூட்டன் என்ற ஊரில் குடியேறினார். ஓய்வு என்று பெயர்தான். பல நாடுகளிலிருந்து அவருக்குச் செத்த பூச்சிகள் தபாலில் வந்துகொண்டே இருந்தன. அவற்றின் மேல் வளர்ந்த பூஞ்சைகளைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார்.

1931இல் அப்படி ஒரு கட்டுரையில்தான் ஒஃபியோகார்டிசெப்ஸ் என்ற புதிய பேரினத்தை உருவாக்கினார். கார்டிசெப்ஸ் என்றால் கதாயுதம்போலத் தலை பருத்தது என்று பொருள். 'ஒஃபியோ' என்ற முன்னொட்டு பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வருவது.

எதற்காகத் தனிப் பேரினம்? இந்தப் பூஞ்சைகளின் வித்துகள் நூல்போல நீளமானவை. பல கார்டிசெப்ஸ் வகைகளில் அந்த நூல் முதிர்ந்ததும் துண்டு துண்டாக உடைந்துவிடும். சிலவற்றில் உடையாமல் முழுசாக இருக்கும். உடையாதவற்றை அவர் தனியாக எடுத்து வைத்தார். அந்தப் பேரினத்துக்கு அடையாள மாதிரியாக இருப்பது எறும்புப் பூஞ்சை அல்ல, இலங்கையில் ஒரு கரப்பான் மீது கிடைத்த ஒஃபியோகார்டிசெப்ஸ் பிளாட்டே. 1865இல் துலான் சகோதரர்கள் பிரேசில் மாதிரியை வைத்து விவரித்திருந்த எறும்புப் பூஞ்சையையும் அதே பேரினத்துக்குள் கொண்டுவந்தார். இப்படித்தான் ஜாம்பி எறும்புப் பூஞ்சையின் பெயரில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் காலத்தில் இது பெரிதாக எடுபடவில்லை. 1941இல் ஜப்பானிய ஆய்வாளர் கோபயாசி, ஒஃபியோகார்டிசெப்ஸைக் கார்டிசெப்ஸுக்குள்ளேயே ஓர் உட்பிரிவாக இறக்கிவிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அந்தக் கணக்கையே பின்பற்றியது.

டி.என்.ஏ. என்ன சொன்னது?

2007இல் சுங் தலைமையிலான ஆய்வுக் குழு, பல மரபணுக்களை ஒப்பிட்டு இந்தப் பூஞ்சைகளின் குடும்ப மரத்தைப் புதிதாக வரைந்தது. கார்டிசெப்ஸ் என்று அதுவரை சொல்லப்பட்டது ஒரே குடும்பமே அல்ல என்று தெரிந்தது. தனியாகப் பிரிந்து நின்ற ஒரு பெரிய கிளைக்குப் பெயர் தேவைப்பட்டபோது, பெட்ச் வைத்த ஒஃபியோகார்டிசெப்ஸ் மறுபடி உயிர் பெற்றது. இமயமலையில் எடுக்கப்பட்டு லட்சக்கணக்கில் விலை போகும் கீடா ஜடியும் அப்போதுதான் ஒஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ் ஆனது.

அப்படியென்றால் பெட்ச் சொன்னது சரி என்று ஆகிவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள். பாதிதான் சரி. தனிக் கிளை இருப்பது உண்மை. ஆனால் வித்து உடைகிறதா இல்லையா என்ற அவருடைய அளவுகோல் போதவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாவாய்ப் பூச்சிகள் மீது பதிவாகியிருக்கும் ஒஃபியோகார்டிசெப்ஸ் நூட்டன்ஸின் வித்துகள் உடையக்கூடியவை. பெட்சின் விதிப்படி அது வெளியே நிற்க வேண்டும். டி.என்.ஏ. அதை உள்ளே கொண்டுவந்தது.

2011இல் அடுத்த திருப்பம். எவன்ஸ், எலியட், ஹியூஸ் மூவரும் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலக் காட்டில் கட்டெறும்புகளைப் பார்த்தார்கள். பூஞ்சை பிடித்த எறும்பு கூட்டை விட்டுப் போய், இலையின் அடி நரம்பைக் கடித்தபடி சாகும். பிறகு அதன் கழுத்துப் பக்கத்திலிருந்து பூஞ்சைத் தண்டு முளைக்கும். ஒரே காட்டில் நான்கு வகைக் கட்டெறும்புகள் இப்படிச் செத்துக் கிடந்தன. எல்லாவற்றையும் யூனிலேட்டராலிஸ் என்றே எழுதிவிட்டுப் போயிருக்கலாம், 150 ஆண்டுகளாக அப்படித்தான் நடந்தது. அவர்கள் பூஞ்சையைப் புதிதாக எடுத்து, வித்துகள் எப்படி இருக்கின்றன, எப்படி முளைக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நான்கு எறும்புக்கும் நான்கு வெவ்வேறு பூஞ்சைச் சிற்றினங்கள்!

கவனித்தீர்களா? காய்ந்ததை நம்பாதே, புதிதாகப் பார். எந்தப் பூச்சியில் வளர்ந்தது என்று எழுதி வை. பேராதனையில் பெட்ச் செய்த அதே இரண்டு வேலைதான். 2018இல் அராவ்ஜோ குழு, பல கண்டங்களிலிருந்து மேலும் 15 புதிய ஒஃபியோகார்டிசெப்ஸ் சிற்றினங்களை வெளியிட்டது. ஒரே வரிசையில் இருந்த முருகன்கள் பிரிந்துகொண்டே போகிறார்கள்.

இதனால் விவசாயிக்கு என்ன?

பெயர் மாறினால் யாருக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். பூச்சிமருந்துக் கடைக்குப் போய்ப் பாருங்கள். வெர்ட்டிசிலியம் லெக்கானி என்று ஒரு பாக்கெட் இருக்கும். செதில் பூச்சி, மாவுப்பூச்சி, அசுவினிக்கு எதிராகத் தெளிக்கும் உயிரி மருந்து. காபிச் செடியின் செதில் பூச்சிகளைச் சுற்றி வெள்ளை வளையம்போல வளரும் பூஞ்சை இது. பெட்சும் இதை ஆராய்ந்திருக்கிறார். 2001இல் ஸாரே, காம்ஸ் என்ற இருவர் ஆராய்ந்தபோது, இந்த ஒரு பெயருக்குள் பல சிற்றினங்கள் இருப்பது தெரிந்தது. மெட்டாரைசியம் அனிசோப்ளியே கதையும் அப்படியே. 2009இல் அது ஒன்பது சிற்றினங்களாகப் பிரிக்கப்பட்டது.

ஒவ்வொரு சிற்றினமும் ஒரே பூச்சியை ஒரே மாதிரி தாக்காது. வெயிலையும் ஈரத்தையும் ஒரே மாதிரி தாங்காது. ஓர் ஊரில் நன்றாக வேலை செய்த பூஞ்சை இன்னோர் ஊரில் ஏன் சொதப்புகிறது என்று கேட்டால், பாக்கெட்டில் பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம் என்பதும் ஒரு காரணம். நஷ்டம் தெளித்தவருக்கு.

இந்த இடத்தில் பெட்சைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூஞ்சையைத் தெளித்துப் பூச்சியை ஒழிக்கலாம் என்ற யோசனையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. 1920களில் எழுதியவற்றில் இதைத் தெளிவாகவே சொன்னார். பூஞ்சை தோட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது, ஈரமான பருவம் வந்தால் தானாகப் பரவும், வராவிட்டால் மனிதன் தெளித்தும் பயனில்லை என்பது அவர் வாதம். பூச்சிப் பூஞ்சைகளை அவ்வளவு நேசித்தவர், அவற்றை மருந்தாக விற்கும் உற்சாகத்துக்குத் தடை போட்டார்.

இன்று அந்தக் கருத்து அப்படியே நிற்கவில்லை. 1990களின் இறுதியில் கேரளத்தில் தொடங்கி, தமிழ்நாடு, கர்நாடகத் தென்னந்தோப்புகளுக்குப் பரவிய ஈரியோபைட் சிலந்திப்பேன் நினைவிருக்கிறதா? குரும்பைகளைச் சொறிபிடிக்க வைத்ததே, அதுதான். அதற்கு எதிராக ஹிர்சுடெல்லா தாம்சோனி என்ற பூஞ்சையைத் தயாரித்துக் கொடுத்தது பெங்களூருவில் அப்போதிருந்த உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம். அதுதான் பின்னாளில் ஹெப்பாலின் பூச்சி வளங்கள் பணியகமாக மாறியது. பல சிற்றினங்களுக்கு பெட்ச் பெயர் சூட்டிய பேரினங்களில் ஹிர்சுடெல்லாவும் ஒன்று. ஆனால் ஈரம் பற்றி அவர் சொன்ன எச்சரிக்கை இன்றும் செல்லும். பூஞ்சை மருந்தை மாலையில், ஈரப்பதம் இருக்கும்போது தெளிக்கச் சொல்வது அதனால்தான்.

எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

உலகில் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை பூஞ்சைச் சிற்றினங்கள் இருக்கலாம் என்று 2017இல் ஹாக்ஸ்வொர்த், லூக்கிங் மதிப்பிட்டார்கள். அப்போது பெயர் பெற்றிருந்தவை சுமார் 1.2 லட்சம். அதிகபட்சம் நூற்றுக்கு ஆறு. ஒவ்வொரு எறும்புக்கும் தனிப் பூஞ்சை என்றால், எறும்பு வகைகள் நிறைந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் எத்தனை ஒளிந்திருக்கும்? ஒரு காடு போனால், பெயர் வைக்கப்படாத பூஞ்சை போனது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. உறுப்பு மாற்று நோயாளிகளைக் காப்பாற்றும் சைக்ளோஸ்போரின் மருந்து, வண்டுகளைத் தாக்கும் பூஞ்சைகளின் உறவுக்காரப் பூஞ்சை ஒன்றிலிருந்து வந்தது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பெட்ச் 1948 டிசம்பரில் இறந்தார். அதே ஆண்டு வெளிவந்த அவருடைய கட்டுரை, பிரிட்டனின் பூச்சிப் பூஞ்சைகளின் திருத்திய பட்டியல். முதல் பட்டியலை அவரே 1932இல் போட்டிருந்தார், அதை அவரே திருத்தினார். இலங்கையின் பூஞ்சைகள் பற்றிய பெரிய தொகுப்பு மட்டும் பாக்கியாக நின்றது. அதை பிஸ்பி என்ற சக ஆய்வாளர் முடித்து, 1950இல் இருவர் பெயரிலும் வெளியிட்டார்.

அடுத்த மழைக்குக் குடகுக்கோ வால்பாறைக்கோ போனால், இலைகளின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். இலை நரம்பைக் கடித்தபடி செத்த எறும்பு கண்ணில் பட்டால் பிய்க்காதீர்கள். பூஞ்சை, எறும்பு, இலை மூன்றும் தெரியும்படி போட்டோ எடுத்து, இடமும் தேதியும் குறித்து, பக்கத்தில் இருக்கும் வேளாண் அல்லது தாவரவியல் துறைக்கு அனுப்புங்கள். அந்த எறும்பு எது என்று தெரியும்படி எடுப்பதுதான் முக்கியம்.